“ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கார்ட்”: இந்த மூன்று சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்



ஓ.எல் பரீட்சை முடிந்த கையோடு நம் ஊர் வீடுகள் பலவற்றில் ஒரே கதைதான் நடக்கிறது. மகன் கேமிங் கொம்பியூட்டர் கேட்கிறான். வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். உம்மாவுக்கு அந்தச் சாமானைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமாவோ சாச்சாவோ கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு வருகிறார். “ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட், ஃபுல் லைட் செட்டப்.” கேட்கும்போது எல்லாம் பெரிதாகத்தான் இருக்கிறது. வாப்பாவும் ஓவர்டைம் செய்து சேர்த்த காசை அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நாளில் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எங்களிடம் வருகிறான். “சேர், வேலரண்ட் ஓடுதில்ல. வின்டோஸ் 11 போட்டுத்தான் தந்தாங்க.”

அந்த வீட்டுப் பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். கேம் விளையாடித் தேர்ந்த பிள்ளைகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டினால் போதும்.

முதலில் அந்த ஐ7. அது ஒரு ப்ரொசெசரின் பெயரல்ல, குடும்பப் பெயர் மாதிரி. பின்னால் வரும் இலக்கம்தான் ஆளைச் சொல்லும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை. இன்டெல் அதை வெளியிட்டது 2011இல். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013. ஐ3-12100எஃப் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. இதில் 2600ஐயும் 12100எஃப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட். ஆனால் தனி ஒரு கோரின் வேகத்தில் அந்தச் “சின்ன” ஐ3, “பெரிய” ஐ7ஐ விட இருமடங்குக்குக் கிட்ட. பதினைந்து வருடப் பழைய சாமானுக்கு, பெயரில் 7 இருக்கிறது என்பதற்காகக் காசு கொடுக்கிறோம்.

வேகம் மட்டும் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வின்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி அனுமதிப்பது இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். மதர்போர்டில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினில் அந்தச் சோதனையை ஏமாற்றி வின்டோஸ் 11ஐப் போட்டுவிட முடியும், பலர் போட்டுக் கொடுக்கிறார்கள். வேர்ட், எக்ஸல், யூடியூப் எல்லாம் ஓடும். ஆனால் வேலரண்ட், வின்டோஸ் 11இல் டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் இருக்கிறதா என்று தானே பார்க்கும். இல்லையென்றால் கேம் திறக்காது. மேலே சொன்ன பிள்ளையின் கவலை அதுதான். பழைய வின்டோஸ் 10ஐப் போடலாமே என்றால், அதற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். வெளிநாட்டு ஆபிஸ்களில் பாவித்துவிட்டு இங்கே வரும் ரீகண்டிஷன் மெஷின்கள் படிப்புக்கு நல்லவை. ஏ.எல் ஐசிடி பிள்ளை பைதன் படிக்க, அசைன்மன்ட் அடிக்க அது தாராளம். அதற்கு லைட் வைத்த கேசிங் ஒன்றைப் போட்டு, “கேமிங்” என்று பெயர் மாற்றி, விலையையும் கூட்டுவதைத்தான் பிழை என்கிறோம்.

அடுத்து, “4 ஜிபி கார்ட்”. ஜிடி 730 என்ற கார்டிலும் 4 ஜிபி வகை இருக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650இலும் 4 ஜிபிதான். முன்னது 2014இல் ஆபிஸ் வேலைக்கும் படம் பார்ப்பதற்குமாக வந்த கார்ட். மற்றது 2019இல் கேமுக்கென்றே வந்தது. வேலை செய்யும் கோர்கள் அதில் 384, இதில் 896. நினைவகத்தின் வேகமும் வேறு. தண்ணீர்த் தாங்கி இரண்டு வீட்டிலும் ஒரே அளவு. ஒரு வீட்டில் இரண்டு இஞ்சி பைப், மற்ற வீட்டில் அரை இஞ்சி பைப். தாங்கியின் அளவை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் குளிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். “எத்தனை ஜிபி” என்று கேட்பதை விட்டுவிட்டு, “கார்டின் முழுப் பெயர் என்ன” என்று கேளுங்கள்.

சரி, எதை வாங்குவது? எங்கள் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது: கையில் காசு குறைவென்றால் முதல் நாளிலேயே கிராபிக்ஸ் கார்ட் வாங்காதீர்கள்.

ரைசன் 5 5600ஜி என்ற ப்ரொசெசர் 2021இல் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். கேம் ஓட்டக்கூடிய அளவுக்கு கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. வேலரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றை செட்டிங்கைக் குறைத்து வைத்து ஒழுங்காக விளையாடலாம். நம் பிள்ளைகளில் அநேகமானோர் விளையாடுவதும் இவற்றைத்தான். அதற்கு ஒரு பி550 மதர்போர்ட், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். அந்த ரேம் 8 ஜிபி, 8 ஜிபி என இரண்டு துண்டாக இருக்க வேண்டும். இது சின்ன விடயமல்ல. தனி கார்ட் இல்லாத மெஷினில் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பாவிக்கிறது, இரண்டு துண்டென்றால் இரண்டு பாதையில் போய்வரும். ஒரே 16 ஜிபி துண்டைப் போட்டுவிட்டு “ஏஎம்டி சரியில்லை” என்று சொல்பவர்களைப் பார்க்கிறோம். ஒரு வருடம் கழித்து அடுத்த பெருநாள் காசிலோ வாப்பா லீவில் வரும்போதோ கார்டைச் சேர்க்கலாம். வாங்கிய எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

காசு கொஞ்சம் கூட இருந்தால் ஐ3-12100எஃப், எச்610 மதர்போர்ட், ஆர்எக்ஸ் 6600 அல்லது ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்று போகலாம். ஸ்கிரீனை ஒதுக்கிவிட்டு மிச்சக் காசில் மூன்றில் ஒன்றாவது கார்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. இங்கே எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல்லில் “எஃப்” என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்ட் பழுதானால் அது திருத்தி வரும்வரை ஸ்கிரீன் கறுப்புத்தான். ரைசனில் 5600 என்பதும் 5600ஜி என்பதும் ஒன்றல்ல. “ஜி” இல்லாததை வாங்கிக் கொண்டுவந்து கார்ட் இல்லாமல் மாட்டினால் படம் வராது. ஒரு எழுத்துக்காகத் திரும்பவும் பஸ் ஏறி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போக வேண்டி வரும்.

இனி பவர் சப்ளை. எல்லோரும் கடைசியாக மிஞ்சும் காசில் வாங்குவது, அல்லது கேசிங்கோடு “ஃப்ரீயாக” வருவது. எங்களைக் கேட்டால் முதலில் எழுத வேண்டிய வரி இதுதான். ப்ரொசெசர் மெதுவானது என்றால் கேம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பவர் சப்ளை மட்டமானது என்றால் அது சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகலாம்.

வெளியே 500 வொட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 18 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள். 216 வொட். ப்ரொசெசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்ட் தனியே 185 வொட் கேட்கும். மிச்சம் 31 வொட்டில் ப்ரொசெசரும் ஃபேனும் எப்படி ஓடும்? இது ஓ.எல் விஞ்ஞானத்தில் படிக்கும் பெருக்கல்தான். பிள்ளையிடமே ஸ்டிக்கரைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்த பிராண்டில், 80 பிளஸ் புரொன்ஸ் சான்று உள்ள 500 அல்லது 550 வொட் பவர் சப்ளை மேலே சொன்ன இரண்டு செட்டுக்கும் போதும். லைட் ஃபேன்களைக் குறைத்து அந்தக் காசை இதில் போடுங்கள். லைட் வேண்டுமென்றால் எப்போதும் வாங்கலாம், அது ஓடிப்போகாது.

நம் கரையோர ஊர்களுக்கு இன்னும் ஒரு பிரச்சினை உண்டு. உப்புக் காற்று. ஜன்னல் கதவுக் கொழுக்கிகளே துருப்பிடிக்கும் வீட்டில், மதர்போர்ட் என்ன பாடுபடும்? பல கடைகளின் வொரண்டி அட்டையில் துரு, எரிந்த அடையாளம், மின்னல் பாதிப்பு ஆகியவற்றுக்கு வொரண்டி இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு வருடம் என்பதற்கு 350 நாள் என்றும் எழுதியிருப்பார்கள், அந்தப் பதினைந்து நாள் எங்கே போனதோ. ஆகவே கடல் பக்க ஜன்னலுக்குக் கீழே மெஷினை வைக்காதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் இடி தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, ரவுட்டரிலிருந்து வரும் நெட் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாலும் வரும்.

பாவித்த கார்ட் வாங்குவதில் பிழையில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதோடு கார்ட் வைத்து அதை மைனிங் செய்வது நின்றுவிட்டது. அப்போது ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்ட் என்றாலே தொடக்கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் விற்பவரின் இடத்திலேயே அரை மணித்தியாலமாவது கேம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் சத்தம், ஸ்க்ரூக்களில் துரு, திறந்து பார்த்த அடையாளம் எல்லாவற்றையும் கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய் கார்டின் உண்மையான பெயரைப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே வேறொன்று என்ற கார்டுகளும் உலவுகின்றன. பாவித்த பவர் சப்ளை மட்டும் வேண்டாம். அதற்குள் என்ன நிலைமை என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

விலைகளை நாங்கள் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். 2022இல் ரூபாய் சரிந்தபோது காலையில் கேட்ட விலை மாலையில் இருக்கவில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறியிருக்கிறது, ஏஐ நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போவதால். போன வருடம் நண்பன் வாங்கிய விலையை வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் வியாபாரச் சமூகம். பொருளின் குறையை மறைத்து விற்கக்கூடாது என்பதை ஜும்ஆவில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். “ஐ7” என்று சொல்லும் கடைக்காரர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் அது 2011 மொடல் என்பது தனக்குத் தெரிந்தும் கேட்பவருக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த இடைவெளியில் எடுக்கும் இலாபம் எந்த வகை என்று அவரவர் மனதைக் கேட்டுக்கொள்ளட்டும். நாங்கள் கேட்பது பெரிய விடயமல்ல. பில்லில் “கேமிங் பிசி - 1” என்று எழுதாமல் ஒவ்வொரு பாகத்தின் முழு மொடல் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். கேட்காமலே அப்படி எழுதிக் கொடுக்கும் நல்ல கடைகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. பெற்றோரும் அப்படி எழுதித் தராத இடத்தில் காசை எண்ணாதீர்கள்.

“சேர், நீங்களே பிள்ளைகளைக் கேம் விளையாடச் சொல்றீங்களா?” என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. பிள்ளை ஏற்கனவே விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான், போனில், கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள். கொம்பியூட்டர் ஹோலில், எல்லோரும் பார்க்கும் பக்கமாக ஸ்கிரீனை வைத்து இருக்கும். பாங்கு சொன்னால் எழும்புகிறானா என்பது உம்மாவுக்குத் தெரியும். அதே மெஷினில் அவன் வீடியோ எடிட் பண்ணலாம், தங்கச்சி டிசைன் படிக்கலாம். வீண்விரயம் எது என்று கேட்டால், தெரியாத சாமானைப் பெயருக்கு வாங்கி ஆறு மாதத்தில் மூலையில் போடுவதைத்தான் சொல்வோம்.

ஆகவே மகனையே லிஸ்ட் எழுதச் சொல்லுங்கள். மூன்று கடையில் விலை கேட்கட்டும், வொட் கணக்குப் பார்க்கட்டும், ஏன் இது, ஏன் அது இல்லை என்று உங்களுக்கு விளக்கட்டும். விளக்க முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

லிஸ்ட் தயாரானவர்கள் கீழே கொமெண்டில் போடலாம், பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். முழு மொடல் நம்பர், கேட்ட விலை, கேட்ட திகதி, பிள்ளை விளையாடப் போகும் மூன்று கேமின் பெயர். கடையின் பெயர் வேண்டாம். பவர் சப்ளை ஸ்டிக்கரின் படம் தெளிவாக இருக்கட்டும்.