மானியத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு போட்டார்கள். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 விழுக்காடு மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60. அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கம் ஒரு பெண்ணுக்கு முழு அலகு கிடைத்தால் 1.80 லட்சம் அரசுப் பணம். தொட்டியும் மோட்டாரும் அதில் வந்துவிடும். மீன் குஞ்சைப் பிழைக்க வைக்கும் கைப்பக்குவம் வராது.

முதலில் தண்ணீர். அரியலூர் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன மாவட்டம். அந்தப் பாறையிலிருந்து ஊறும் போர்த் தண்ணீர் கடினமாக இருக்கும். கொள்ளிடக் கரை மணலில் ஊறுவது வேறு மாதிரி. நியான் டெட்ராவும் டிஸ்கஸும் முட்டையிட்டுப் பொரிக்க மென்மையான நீர் வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டிக்கோ கடின நீர்தான் தோது. கடைக்காரர் காட்டும் விலையுயர்ந்த மீனை வாங்கிவிட்டு அப்புறம் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுப்பதே லாபம்.

கப்பி மலிவான மீன், அதில் என்ன கிடைக்கும் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொழில் படிய அதுவே நல்ல தொடக்கம். ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும். குட்டியைத் தாயே தின்றுவிடும் என்பதால் உடனே பிரிக்க வேண்டும். ஆண், பெண் இனம் தெரிந்ததும் தனித்தனியே விடாவிட்டால் நிறம் கலந்துபோகும். ஒருமுறை சேர்ந்த பெண் மீன் ஆண் துணையின்றியே அடுத்தடுத்து ஈனும்.

முட்டையிடும் மீன்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஃபைட்டர் மீனில் ஆண்தான் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். பொரித்த குஞ்சின் வாய்க்குத் தூள் தீவனம்கூடப் பெரிது. முதல் சில நாளுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வளர்த்துக் கொடுக்க வேண்டும். பிறகுதான் உப்புத் தண்ணீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டிமியா என்ற சிற்றிறால். இந்த முதல் வாரத்தில் கோட்டை விட்டால் மொத்த ஈடும் போய்விடும்.

வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர்போன சென்னை கொளத்தூரில் இந்தப் பக்குவம் பக்கத்து வீட்டைப் பார்த்தே கைவந்தது. தா.பழூருக்கு அந்த அக்கம்பக்கம் இல்லை. சந்தை பெரிய குறையல்ல. மதனத்தூர் பாலம் தாண்டினால் கும்பகோணம் சாலை. குறை பயிற்சியில்தான். சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. மீன்வளத் துறை அதோடு கைகோத்து, மானிய விண்ணப்பம் வாங்கும்போதே போர்த் தண்ணீரைச் சோதித்து, எந்த மீன் ஆகும் என்று சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஒரு ஈடு குஞ்சையாவது வளர்த்துப் பழகியவருக்கே பணம் என்று வைக்கலாம்.

அந்தச் சீட்டில் சக்கர் மீனுக்கு இடம் கூடாது. தொட்டியில் பாசி தின்னும் என்று விற்கப்பட்ட அந்தத் தென்னமெரிக்க மீன், தமிழக நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. விற்காத மீனை ஆற்றில் விடமாட்டேன் என்ற உறுதியும் விண்ணப்பத்திலேயே சேரட்டும். தா.பழூரிலிருந்து கொள்ளிடம் சில கிலோமீட்டர்தான்.