மூன்று தோணியில் கால் வைத்தவர்

சிவாஜி நகர்ப் பக்கம் போகும் தமிழ் மாணவர் எவருக்கும் ரசவந்திக் கடையின் சலங்கை ஒலி பழக்கமாகியிருக்கும். கரும்பு பிழியும் உருளையோடு சேர்த்துக் கட்டிய சலங்கை, உருளை சுழலச் சுழலத் தானும் குலுங்கி, போகிறவரை ‘வா, வா’ என்று கூப்பிடும். அப்படிக் கூப்பிட்ட ஒரு கடையின் முன் நின்றுகொண்டுதான் நண்பர் ஒருவர் தம் மனத்தைத் திறந்தார். மானேஜ்மெண்ட் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர். கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் பொறுக்கும் மாதம் அது.

“நாடுகளுக்கிடையே கலாசாரத் தூது, வியாபாரத்தில் தலைமை, நிலத்தையும் நீரையும் கெடுக்காத அபிவிருத்தி, இம்மூன்றும் சேர்ந்த உத்தியோகம் வேண்டும். எந்தக் கம்பெனி கொடுக்கும்?” என்று கேட்டார்.

உடனிருந்த இன்னொருவர், “இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதையே நமக்குத் தெரியும். நீர் மூன்றாவது தோணியும் கேட்கிறீரே!” என்று நகைத்தார். நானும் அன்று நகைத்தேன். விடுதிக்குத் திரும்பிய பின்புதான், மூன்று தோணியிலும் கால் வைத்து அறுபது ஆண்டுக்கு மேல் நின்ற தமிழர் ஒருவர் நினைவுக்கு வந்தார். பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர் பெயர். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். கேள்விப்பட்டவர்களும் சக்தி மசாலா முதலாளி என்று தவறாக எண்ணியிருப்போம். அது ஈரோட்டில் வேறொருவர் தொடங்கியது. இவருடையது சக்தி சர்க்கரை ஆலை.

1923இல் பிறந்தவர். தந்தை நாச்சிமுத்துக் கவுண்டர் 1931இல் ஆனைமலை பஸ் போக்குவரத்துக் கம்பெனியைத் தொடங்கினார். மகன் கிண்டியில் இஞ்சினீயரிங் படித்தார். ஆகையால் ஏழையாய்ப் பிறந்து முன்னேறிய கதை இதுவன்று. கையில் முதல் இருந்தது, பெயர் இருந்தது, ஊரில் செல்வாக்கும் இருந்தது. இதை மறைத்துவிட்டு ‘நீயும் ஆகலாம்’ என்று மாணவரிடம் சொல்வது நேர்மையாகாது. ஆனால் முதலும் செல்வாக்கும் கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் பல நூறு இருந்தன. அவற்றில் பிறந்த எத்தனை பேர் இந்த வழியில் போனார்கள் என்பதே என் கேள்வி.

1952 முதல் 1967 வரை பொள்ளாச்சித் தொகுதியின் சட்டசபை உறுப்பினராக இருந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் உருவெடுத்தது. அது வேண்டுமென்று உழைத்தவர்களில் சி. சுப்பிரமணியமும் மகாலிங்கமும் உண்டு. ஆனைமலையில் பிறந்து மேற்கே ஓடும் ஆறுகளின் நீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பி, வறண்ட கொங்கு நிலத்துக்குப் பாய்ச்சுவது திட்டம். அணைகள் சில ஒரு மாநிலத்தில், வயல்கள் பெரும்பாலும் இன்னொரு மாநிலத்தில். தமிழ்நாடும் கேரளமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970 மே 29ஆம் நாள். ஆனால் அது செல்லுபடியாகும் என்று குறித்திருப்பது 1958 நவம்பர் 9ஆம் நாளிலிருந்து! பன்னிரண்டு ஆண்டுகள் கையெழுத்தின்றியே, பரஸ்பர நம்பிக்கையின் பேரில், மலையைக் குடைந்திருக்கிறார்கள். இன்று இரு மாநிலங்கள் ஒரு குடம் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றப் படியேறுவதைப் பார்க்கும் நமக்கு இது பழங்கதை போலத் தோன்றும். ராஜதந்திரம் என்றவுடன் தூதரகமும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன. அண்டை மாநிலத்தானோடு ஆற்றைப் பங்கிட்டுக் கொள்வதைக் காட்டிலும் கடினமான ராஜதந்திரம் எது?

அரசியலை விட்ட பின் அவர் செய்தவை பல. சர்க்கரை ஆலை 1961இலேயே கம்பெனியாகிவிட்டது. பொள்ளாச்சியில் 1957இல் தொடங்கிய பாலிடெக்னிக்கும், கோவையில் 1984இல் தொடங்கிய குமரகுரு கல்லூரியும் அந்தக் குடும்பத்தின் கொடைகள். இவற்றை வேகமாய்க் கடந்து செல்கிறேன். ஆலை வைத்தவர் கல்லூரி வைப்பது கோவையில் புதிதல்ல.

புதிது வேறொன்று. வள்ளலாரையும் காந்தியடிகளையும் ஒரே மேடையில் வைத்து ஆண்டுதோறும் விழா எடுத்தார். ‘ஓம் சக்தி’ என்ற மாத இதழை நடத்தினார். திருமந்திரம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவரும் பணிக்குத் தோள் கொடுத்தார். 1991இல் சென்னை இராமகிருஷ்ண மடம் வெளியிட்ட அந்நூலை மொழிபெயர்த்தவர் பி. நடராஜன், பொதுப் பதிப்பாசிரியர் மகாலிங்கம். அந்த நடராஜன் ஒரு பொருளாதார வல்லுநர் என்பதைக் கவனியுங்கள். பொருளாதாரம் படித்தவர் திருமூலரை மொழிபெயர்க்கிறார். சர்க்கரை ஆலை நடத்துபவர் பதிப்பிக்கிறார். கலாசாரத் தூதுக்கென்று தனி ஆபீஸ் எதுவும் அவர்களுக்கு இருக்கவில்லை.

பழைய நாகரிகங்களின் காலக்கணக்கைப் பற்றி அவர் சொன்ன கருத்துகள் பலவற்றை வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. நதிகளை எல்லாம் இணைத்துவிட்டால் நாட்டின் தாகம் தீரும் என்ற அவருடைய நம்பிக்கையும் இன்று பலத்த கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. ஓர் ஆற்றின் நீர் கடலில் கலப்பது வீண் என்று அவர் தலைமுறை நினைத்தது. கழிமுகமும் மீனும் அந்த நீரையே நம்பி இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

கரும்பையே எடுத்துக்கொள்வோம். இந்த மகாராஷ்டிரத்தில் சாகுபடி நிலத்தில் சிறு பங்கே கரும்பு. பாசன நீரிலோ பெரும் பங்கை அதுவே குடித்துவிடுகிறது. 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் கொண்டுபோனார்கள். அதே லாத்தூர் மாவட்டத்தில் சர்க்கரை ஆலைகளும் இருந்தன. ‘நிலைத்த வளர்ச்சி’ என்று பேசும் நண்பர், கரும்பை நம்பி வாழும் லட்சக்கணக்கான குடும்பங்களிடம் போய் என்ன பயிர் வைக்கச் சொல்வார்? துவரைக்கு அந்த விலையை யார் கொடுப்பார்? இதற்கு விடை தேடுவதல்லவோ அவர் கேட்கும் உத்தியோகம்!

இந்தக் கரும்பில் நமக்கும் ஓர் உறவு உண்டு. மகாராஷ்டிர வயல்களில் ‘நீரா’ என்ற பெயரில் பரவியிருக்கும் ரகம் கோ 86032. அந்தக் ‘கோ’ கோயம்புத்தூர்! 1912 முதல் அங்கே இயங்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த பிள்ளை இங்கே வந்து மராட்டிப் பெயர் சூட்டிக்கொண்டது. பெயர் மாற்றிக்கொண்டதால் அதற்கு இனிப்பு குறையவில்லை. மூன்று ஆண்டு இவ்வூரில் இருந்தும் ‘கித்தி?’ என்பதற்கு மேல் மராட்டி பேசாத நம்மை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மராட்டியர் பக்கத்திலும் இத்தகைய மனிதர்கள் இருந்தார்கள். இதே புனேயில் 1930இல் கோகலே பொருளாதார நிலையத்தை நிறுவிய தனஞ்சயராவ் காட்கில், புத்தகத்தோடு நிற்காமல் லோணி கிராமத்துக்குப் போனார். விட்டல்ராவ் விகே பாட்டீலும் அவரும் சேர்ந்து பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை உண்டாக்கினார்கள். அதன் முதல் தலைவர் காட்கில்தான். உருளிக்காஞ்சனில் காந்தியடிகள் 1946இல் இயற்கை வைத்திய ஆசிரமம் தொடங்கி, மணிபாய் தேசாயை அங்கே விட்டுச் சென்றார். அவர் கடைசிவரை அவ்வூரை விட்டுப் போகவில்லை. 1967இல் அவர் நிறுவிய ஸ்தாபனமே இன்று பல மாநிலங்களில் கால்நடைப் பணி செய்யும் பைஃப்.

நம் சுப்பிரமணியமும் 1990 முதல் 1993 வரை இம்மாநில கவர்னராக இருந்தார். அந்த முறையில் நம் பல்கலைக்கழகத்தின் வேந்தரும் அவரே. பொள்ளாச்சிக்காரர் ஒருவர் இங்கே பட்டம் வழங்கும் இடத்தில் இருந்தார் என்பதைச் சங்கத்தில் எத்தனை பேர் அறிவோம்?

மகாலிங்கம் 2014 அக்டோபர் 2ஆம் நாள், சென்னையில் தாமே நடத்திய வள்ளலார்–காந்தி விழாவில் அமர்ந்திருந்தபோதே காலமானார். வயது 91.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இது: அப்படி ஒரு உத்தியோகத்தை விளம்பரத்தில் தேடாதீர். முதலில் கிடைக்கும் வேலையில் சேரும். ஆனால் ஓர் ஊரையோ, ஓர் ஆற்றையோ, ஒரு நூலையோ உம்முடையதாக எடுத்துக்கொள்ளும். அவர் முழுதும் ஒப்பவில்லை. “பொள்ளாச்சியில் நிலமும் பஸ்ஸும் இருந்தால் நானும் எடுத்துக்கொள்வேன்” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் சுற்றுலா என்றால் லோணாவளாவும் மகாபலேஷ்வரமும்தானா? இந்த முறை பஸ்ஸை லோணிக்குத் திருப்புவோம். பிழிபருவத்தில் ஆலையையும் பார்க்கலாம், கரும்பு வைத்தவரிடம் தண்ணீர்க் கணக்கையும் கேட்கலாம். நண்பர் வரச் சம்மதித்திருக்கிறார். மராட்டி நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் மட்டும் தேவை.