கரண்ட் இங்கே, குழி அங்கே

காலேஜில் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று நெய்வேலிக்குக் கூட்டிப் போனார்கள். சுரங்கம் என்றதும் நான் நினைத்தது கோலார் தங்கவயல் மாதிரி.. லிப்ட், இருட்டு, தலையில் விளக்கு. போய்ப் பார்த்தால் வானம் பார்த்த குழி! எதிர்க்கரை புழுதியில் மங்கலாகத்தான் தெரிந்தது.

வெட்டுவது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்கிற ராட்சசன். ஜெயன்ட் வீலில் தொட்டிலுக்குப் பதிலாகப் பல் வைத்த வாளிகளை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி. சுற்றச் சுற்ற மண்ணைச் சுரண்டி கன்வேயர் பெல்ட்டில் கொட்டுகிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு சுமார் ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண் பெல்ட்டிலேயே மறுபக்கம் போய், கரி எடுத்து முடித்த பள்ளத்தில் விழுகிறது. முன்னால் வெட்டு, பின்னால் நிரப்பு. அதனால் குழி ஒரே இடத்தில் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. நடக்கிற வழியில் ஊர் இருந்தால் ஊர்தான் நகர வேண்டும்.

என்னை அசத்தியது மிஷின் இல்லை, தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் இருக்கிற நிலத்தடி நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேலே தள்ளுகிறதாம். விட்டால் சுரங்கமே மூழ்கிவிடும். அதனால் சுற்றிலும் போர் போட்டு ராப்பகலாக இறைக்கிறார்கள். (அந்தத் தண்ணீர் மின் நிலையத்துக்கும் சென்னைக் குடிநீருக்கும் போகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) இத்தனைக்கும் 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோதுதான் அங்கே கரி இருப்பதே தெரிந்தது என்பார்கள்.

ஊருக்கு வந்து அப்பிச்சியிடம் இதைச் சொன்னேன். அன்னூர் பக்கம் அவர் தோட்டத்தில் ஆயிரம் அடி போர். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏஞ்சாமி.. அங்க தண்ணிய எறைச்சாத்தான் கரி, கரிய எரிச்சாத்தான் கரண்டு, கரண்டு வந்தாத்தான் நம்ம போர்ல தண்ணி. அப்படித்தான?"

"ஆமாங்க அப்பிச்சி."

அதற்கு மேல் என்ன சொல்ல?

நெய்வேலியை இழுத்து மூடு என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2012ல் பாதி நாள் கரண்ட் இல்லாமல் அப்பாவின் விசைத்தறி நின்றதும், மளிகைக் கடையில் கடன் ஏறியதும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பரவனாற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுகிறோம் என்று, நின்ற நெற்பயிரின் மேல் மண் அள்ளும் இயந்திரங்களை இறக்கினார்கள். நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோம் என்பது நிறுவனத்தின் பதில். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். அறுவடை வரை பொறுக்க முடியாதா? சென்னை உயர் நீதிமன்றமும் இதைத்தான் கேட்டது. அதே வருஷம் ஏப்ரலில், தமிழ்நாடே எதிர்த்ததால் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அங்கே கேட்ட குரல் வளையமாதேவிக்கு அந்த அளவு கேட்கவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். புதிதாக ஒரு ஏக்கர் எடுக்கும் முன், நிரப்பி முடித்த பழைய நிலத்தில் ஒரு பங்கையாவது நிலம் இழந்தவர்களுக்கே உழவுக்குக் கொடுங்கள். இப்போது அங்கே மரம் நட்டிருக்கிறார்கள், பூங்கா வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். நிலம் இழந்தவனுக்குப் பூங்கா எதற்கு?

கொட்டிய மண்ணில் என்ன விளையும் என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் ரைன்லாந்திலும் இதே பழுப்பு நிலக்கரிதான், இதே சக்கரம்தான். கரி எடுத்த பள்ளத்தை நிரப்பி, தனியாக எடுத்த வளமான வண்டலை மேலே பரப்பி, சுமார் ஏழு வருஷம் நிறுவனமே பயிர் செய்து மண்ணைப் பக்குவப்படுத்தி, பிறகு விவசாயிகளிடம் கொடுக்கிறார்கள். அங்கே மட்டும் எல்லாம் சுகமா என்றால் இல்லை. ஊர்கள் காலியாகின, 2023 ஜனவரியில் லூட்செராத்தில் பெரிய போராட்டமே நடந்தது. ஆனாலும் அந்த மண்ணில் மறுபடி கோதுமை விளைகிறது. நாம் சக்கரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இதைக் கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுத வேண்டும்? மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண் இது. 2013ல் கெயில் குழாய் தோட்டத்துக்கு நடுவே வரக்கூடாது என்று ஏழு மாவட்டத்து விவசாயிகள் ரோட்டுக்கு வந்தார்கள். நிலம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வளையமாதேவி செய்தி டிவியில் ஓடிய அன்று எங்கள் ஊர் டீக்கடையில் பேச்செல்லாம் தக்காளி விலை பற்றித்தான். நானும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.