ஹஜ் ஊசியும் ஒரு துண்டுத் தாளும்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடுவீடாகச் சென்று பயணம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு கையைப் பற்றிக் கேட்பர், கடன்களை அடைப்பர். பிறர் உரிமை எதுவும் தம் கழுத்தில் தொங்கிவிடலாகாது என்னும் அச்சமே இத்தனைக்கும் காரணம். இவ்வளவு கவனமாய்ப் புறப்படும் நம்மவர், ‘ஹஜ் ஊசி’ என்று வழங்கும் தடுப்பூசியை மட்டும் பயணத்துக்கான ஒரு சடங்காகவே எண்ணுகின்றனர். அதுவும் பிறர் உரிமையைச் சேர்ந்ததே என்பது என் கருத்து.

இதை எழுதத் தூண்டியவர் என் தாய்மாமா. உம்ராவுக்குப் பணம் கட்டியிருந்த அவரிடம் பயண ஏற்பாட்டாளர் ஒருவர், “ஊசியெல்லாம் எதற்கு பாய்? போட்டதாக ஒரு தாள் வாங்கித் தந்துவிடுகிறேன்” என்றாராம். செலவும் அலைச்சலும் மிச்சமென்று மாமா அதை மகிழ்ச்சியோடு சொன்னார். அவர் மடியில் அப்போது பேரப்பிள்ளை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது.

தமிழில் நாம் பல நோய்களை ‘மூளைக்காய்ச்சல்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். கொசுவால் வரும் ஜப்பானியக் காய்ச்சல் வேறு. மெனிங்கோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி மூளையைச் சூழ்ந்த உறையைத் தாக்குவது வேறு. இது மனிதனிடமிருந்து மனிதனுக்கே, இருமலாலும் தும்மலாலும் நெருங்கிய பழக்கத்தாலும் பரவுகிறது. நலமாக இருப்போரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இதனைத் தொண்டையில் சுமந்து திரிகின்றனர்; அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அது இரத்தத்தில் புகுந்துவிட்டால் காலையில் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்தவர் மறுநாள் இல்லை என்னும் நிலை வரக்கூடும். மருத்துவம் செய்தும் பத்தில் ஒருவர் அளவுக்கு இறக்கின்றனர். பிழைத்தவருள் சிலர் செவிப்புலனை இழக்கின்றனர். சிலர் கைகால்களையே இழக்கின்றனர்.

இலட்சக்கணக்கானோர் தோளோடு தோள் உரசித் தவாஃப் செய்யும் இடத்தில் இத்தகைய நோய்க்கு வழி எளிது. 1987 ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது இதன் ‘ஏ’ வகை பரவிய பின்னரே சவூதி அரசு ஹாஜிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிற்று. அன்றைய ஊசி ‘ஏ’, ‘சி’ என்னும் இரு வகைகளை மட்டுமே தடுத்தது. 2000 ஆம் ஆண்டில் ‘டபிள்யூ 135’ என்னும் வேறொரு வகை வந்து சேர்ந்தது. பல நாடுகளில் 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். மறு ஆண்டிலும் அது தொடர்ந்தது. 2002 முதல் நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி கட்டாயமானது.

நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி அந்த 2000 ஆம் ஆண்டில்தான் இருக்கிறது. பிரிட்டனிலும் பிரான்சிலும் அவ்வாண்டு நோயுற்றவருள் பெரும்பாலோர் மக்காவைக் கண்டவரே அல்லர்! ஹாஜிகளை வரவேற்றுத் தழுவிய வீட்டாரும் உறவினருமே அவர்கள். ஹாஜி நலமாகத் திரும்பினார். ஜம்ஜம் நீரோடும் பேரீச்சம்பழத்தோடும் தாம் அறியாத ஒன்றையும் கொண்டுவந்தார். இன்று கிடைக்கும், புரதத்தோடு இணைத்துச் செய்த தடுப்பூசி தொண்டையில் அந்த உயிரி தங்குவதையும் ஓரளவு குறைக்க உதவுகிறது. நம் புனே நகரில் உருவான அத்தகைய ‘ஏ’ வகைத் தடுப்பூசியை 2010 இல் புர்கினா ஃபாசோவில் பெருமளவில் போட்டபோது, ஊசி போடாதவரிடத்தும் அந்நோய் அருகியது.

‘அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம், அவன் காப்பான்’ என்பர் சிலர். காப்பவன் அவனே, ஐயமில்லை. ஆனால் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேட்டு சர்க் என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பிய உமர் (ரலி) அவர்களின் தவக்குல் நம்முடையதினும் குறைந்ததா? இறைவிதியை விட்டு ஓடுகிறீரா என அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்வதாக அவர் விடையளித்த வரலாறு நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிந்தது.

ஊசியில் ஹராமான பொருள் உண்டோ என்பது வேறு கேள்வி. அது மதிக்கத்தக்க கேள்வி. இந்தோனேசிய உலமாக்கள் பேரவை இதனை வதந்திக்கு விட்டுவிடாமல் ஆராய்ந்து, 2010 இல் ஒரு நிறுவனத்தின் ஊசியை விலக்கி வேறு இரண்டை ஹலால் என அறிவித்தது. ஐயமுடையோர் இவ்வாறு கேட்டுத் தெளியலாம். பொய்த்தாள் வாங்குவதற்கு எந்த ஃபத்வாவும் இல்லை.

ஹஜ் குழு வழியாகச் செல்வோருக்கு அரசு ஏற்பாட்டிலேயே ஊசி போடப்படுகிறது. ஓட்டை இருப்பது உம்ராவில்தான். 2024 இல் உம்ராவோடு தொடர்புடைய 12 பேருக்கு அமெரிக்கா, பிரான்சு, பிரிட்டன் நாடுகளில் இந்நோய் கண்டது. அவர்களுள் ஊசி விவரம் தெரிந்த 9 பேரும் அதைப் போடாதவர்கள். இருவர் பயணமே செய்யாதவர்கள். தனியே போட்டுக்கொள்ளச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். விமானச் சீட்டும் விடுதியுமாக ஆகும் செலவில் அது எம்மாத்திரம்? சென்று சேர்வதற்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். இணைப்பு வகை ஊசியின் சான்று 5 ஆண்டு செல்லும். ஜமாஅத்தார் வழியனுப்பு விருந்தில் சால்வை போர்த்துவதற்கு முன் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஆலிம்கள் ஹஜ் விளக்க வகுப்பில் இஹ்ராமோடு சேர்த்துச் சொல்லலாம்.

மாமாவோடு மூன்று நாள் வாதிட்டேன். கடைசியில் உம்மா சொல்லித்தான் மருத்துவரிடம் வந்தார். தம்பி சொல் தமக்கையிடம் எடுபடாது போலும்! கை இரண்டு நாள் வலித்ததாகக் குறைப்பட்டுக்கொண்டார். வரும் ரஜபில் அவருடைய சம்பந்தி உம்ராவுக்குப் போகிறார். பயணம் சொல்ல வந்தவரிடம் ஊசியைப் பற்றி முதலில் விசாரித்தவர் மாமாதான்.