அலைவரிசைப் பூட்டின் திறப்பு யாரிட்ட இருக்கவேணும்?

நீங்கள் காசு குடுத்து வாங்கின றவுட்டருக்குள்ள ஒரு குட்டி வானொலி நிலையம் இருக்கு. அது எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவோடு ஒலிபரப்பவேண்டும் என்று தீர்மானிக்கிறது அதற்குள் ஓடும் மென்பொருள். அந்த மென்பொருள் திறந்த மூலமாக இருந்தால், தெரிந்தவர்கள் அதை மாற்றி வைஃபைக்கு ஒதுக்காத அலைவரிசைக்கும் போகலாம். இதற்கு இடம் விடலாமா? கணினி படிச்ச ஆக்கள் மட்டும் கதைச்சு முடிக்கிற விசயம் இல்லை இது. அலைவரிசை எல்லோருக்கும் பொதுவானது. அதனால கலைப்பீடத்தில இருந்து நானும் வாய் திறக்கிறன்.

முதலில், தடுக்கச் சொல்பவர்களின் பயம் நியாயமானது. அமெரிக்க விமான நிலையங்களுக்கு அருகே உள்ள டொப்ளர் வானிலை ராடார்கள் 5600 முதல் 5650 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியில் இயங்குகின்றன. விமானம் தரையிறங்கும்போது ஆபத்தாகக்கூடிய திடீர்க் காற்று மாற்றத்தைக் கண்டறிவதுதான் அவற்றின் வேலை. 2009 இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில், வெளியே பூட்டியிருந்த வயர்லெஸ் இணையக் கருவிகள் அப்படியொரு ராடாரைக் குழப்பின. இது விளையாட்டு இல்லைத்தானே.

ஆனால் அந்தப் பயத்துக்கு எடுத்த மருந்துதான் பிழைத்தது. 2015 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு வெளியிட்ட வழிகாட்டல், டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளி மென்பொருளை எப்படித் தடுக்கிறீர்கள் என்று உற்பத்தியாளர்களிடம் விளக்கம் கேட்டது. எதிர்ப்புக் கிளம்ப, அதே ஆண்டு நவம்பரில் திருத்தினார்கள். எண்டாலும் வானொலிப் பகுதியை மட்டும் பூட்டுவதை விட முழுப் பெட்டியையும் பூட்டுவது கம்பனிக்கு லாபம். 2016 இல் டிபி-லிங்க் 2 இலட்சம் டொலர் கட்டி ஒரு வழக்கை முடித்தது. அங்கே பிரச்சினை கம்பனியின் சொந்த மென்பொருளில்: நாட்டுத் தெரிவை மாற்றினால் அனுமதித்ததை விடக் கூடிய வலுவில் இயங்கியது. வெளி மென்பொருளுக்கு இடம் கொடுப்பது பற்றித் திறந்த மூலச் சமூகத்தோடு சேர்ந்து பார்ப்பதாகவும் அந்தக் கம்பனி ஒப்புக்கொண்டது.

பூட்டினால் நாங்கள் இழப்பது என்ன? கம்பனி கைவிட்ட பழைய றவுட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவது ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள்தான். பழுதாகிற வரைக்கும் ஒரே றவுட்டரைப் பாவிக்கிற எங்களுக்கு அது சின்ன விசயம் இல்லை. அடுத்தது, வைஃபைக்கு வெளியே போவதெல்லாம் சட்டவிரோதமும் இல்லை. அமெரிக்காவில் அனுமதிப்பத்திரம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களுக்கு 2390 முதல் 2450 மெகாஹேர்ட்ஸ் வரை உரிமை இருக்கு. வைஃபை 2400க்கு மேலேதான். அவர்கள் சாதாரண றவுட்டரின் மென்பொருளை மாற்றி, நெரிசல் இல்லாத 2397இல் அவசரகால வலையமைப்பு நடத்துகிறார்கள். அமெச்சூர் வானொலியின் அருமை எங்களுக்கும் தெரியும். 2004 சுனாமியில் தொலைபேசிகள் விழுந்தபோது ஹம்பாந்தோட்டையில் இருந்து செய்தி அனுப்பியவர்கள் அவர்கள்தான்.

அப்ப, எல்லாத்தையும் திறந்து விடுறதா? இல்லை. லினக்ஸ் செய்வதைப் பாருங்கோ. நாட்டுக்கு நாடு உள்ள விதிகளை ஒரு தரவுத்தளமாக வைத்திருக்கிறது. எந்த நாடு என்று தெரியாவிட்டால் இறுக்கமான பொது விதியைப் பிடிக்கிறது. அதைத் தாண்ட விரும்புகிறவர் நிரலை மாற்றித் தானே தொகுக்கவேண்டும். தெரியாமல் கைபட்டு நடக்கிற காரியம் இல்லை அது. என் நிலைப்பாடும் இதுதான்: கதவு பூட்டியிருக்கட்டும், வெல்டிங் வைக்கவேண்டாம். ராடாரைக் கண்டு விலகும் வசதியை ஒரே சொடுக்கில் நிறுத்துகிற பொத்தானை யாரும் வைக்கவும் கூடாது.

"ஒருத்தன் வேணுமெண்டே குழப்பினால்?" என்று கேட்பீர்கள். அப்படிப்பட்டவனுக்கு றவுட்டர் தேவையில்லை, அதற்கென்றே வேறு கருவிகள் உண்டு. ஒலிபரப்புகிறவன் ஒளிந்திருக்கவும் முடியாது. அவனுடைய அலையே அவன் இருக்கிற திசையைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே சட்டம் பிடிக்கவேண்டியது வானில் குழப்பம் செய்தவனை. நிரலை வாசித்தவனையும் திருத்தியவனையும் சேர்த்துப் பூட்டினால், கடைசியில் திறப்பு கம்பனியின் சட்டைப் பைக்குள்தான் போகும்.