விடை கிடைக்காத துயரும் திருகோணமலைப் பெண்களும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாத தமிழ் நாளிதழ் இல்லை. எண்ணெய்க் குதங்கள், கடற்படைத் தளம், வல்லரசுகளின் கண் என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அதைச் சுற்றி வாழும் பெண்களின் உளநலம் பற்றி எழுதப்பட்டதோ மிகச் சொற்பம்.

அவர்கள் கண்டவை கொஞ்சமல்ல. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினர். அவர்களது காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தற்காலிகக் கொட்டில்களில் அடுப்பெரித்துப் பிள்ளை வளர்த்தவர்கள் பெண்களே.

இவை அனைத்திலும் கொடியது, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் சுமக்கும் துயர். இறந்தவருக்கு எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று அழுது ஆறுவதற்கான படிகள் எமது மரபில் உண்டு. காணாமற்போனவருக்கு என்ன உண்டு? பொட்டு வைத்தால் ஊர் பேசுகிறது. அழித்தால் தன் கையாலேயே கணவனைக் கொன்றதாக மனம் குத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ் இதனைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். கோளாறு அப்பெண்ணிடம் இல்லை, அவள் நிறுத்தப்பட்டுள்ள நிலையில்தான் உள்ளது என்பது அவர் கருத்து.

இங்கே இரு தரப்பினர் தவறிழைக்கின்றனர். ‘மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்’ என்போர் ஒரு தரப்பு. ‘முதலில் நீதி, உளவளத்துணை என்பது மறக்கச் செய்யும் தந்திரம்’ என்போர் மறுதரப்பு. நீதி கேட்டு 2017இல் தொடங்கிய போராட்டத்தில் அமரும் தாய்க்கும் இரவில் உறக்கம் வேண்டும். உறங்கி எழுந்தவளின் கேள்வி ஒருபோதும் வலுவிழந்துவிடாது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அவள் கேட்கும் விடையை அரசு தந்தே ஆகவேண்டும். அதுவரை அவளை வாடவிடுவதும் அநீதியே.

உதவி அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, கொழும்பை அண்டியே குவிந்திருந்த சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வழிகாட்டியது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் பதவிகள் உள்ளன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926, பெண்களுக்கான 1938 ஆகிய தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

ஆனால், வெருகலில் கூலி வேலை செய்யும் பெண் ஒரு நாள் ஊதியத்தை இழந்து, பஸ் ஏறி, ‘பைத்தியத்துக்கு மருந்தெடுக்கிறாள்’ என்ற பேச்சுக்கும் அஞ்சி நகருக்கு வருவாளா? மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் ஒன்றே அவளைத் தடுக்கப் போதும். வந்தாலும், தமிழ் அறியாத வைத்தியரிடம் தன் துயரை மொழிபெயர்ப்பாளர் ஊடாக எவ்வாறு கூறுவாள்?

எனவே சேவை அவள் வாசலுக்குச் செல்லவேண்டும். குடும்பநல மருத்துவிச்சி குழந்தையின் நிறை பார்க்க வீடு வீடாகச் செல்கிறார். அதே போன்று, அவள் மொழி பேசும் ஒருவர் நடுவயதுப் பெண்ணின் வீட்டுக்கும் சென்று, ‘உறக்கம் வருகிறதா அக்கா?’ என்று கேட்க ஏற்பாடு வேண்டும். யாழ்ப்பாண உளநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக வலியுறுத்துவதும் இதனையொட்டியதே: போர் காயப்படுத்தியது தனிமனிதரை மட்டுமன்று, சமூகத்தையும்தான், ஆற்றுதலும் சமூகமாகவே நிகழவேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளே, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது ‘காசு கிடைத்ததா?’ என்று கேட்கிறீர்கள். அத்துடன் நிறுத்தாமல், ‘மனசு எப்படி இருக்கிறது?’ என்றும் கேளுங்கள். அழுதால் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். பின்னர் 1926 என்ற இலக்கத்தையும் சொல்லிவையுங்கள்.