குட்டி கடித்தால் குற்றம் யாருடையது?

எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு நான்கு மாதம். பேரனின் ஷூ, என் கண்ணாடிக் கூடு, நாற்காலிக் கால் எதையும் விடவில்லை. இந்த நாக்பூர்க் காலனியில் சிலர் "அடித்தால்தான் அடங்கும்" என்றார்கள். ஒருவர், மார்க்கெட் பக்கம் விட்டுவிடச் சொன்னார்.

நானும் ஒருமுறை அடித்தேன். நாள் முழுதும் கட்டிலுக்கு அடியில் பதுங்கியது. மறுநாள் மறைவாகக் கடித்தது. அவ்வளவுதான் பலன்.

மூன்று மாதத்திலிருந்து ஏழு மாதத்துக்குள் 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கின்றன. ஈறு வலிக்கும்போது கடிக்காமல் என்ன செய்யும்?

பழுது என்றால் முதலில் காரணத்தைத் தேடு என்பது ரயில்வேயில் நான் கற்ற பாடம். செருப்புகளை அலமாரியில் பூட்டினேன். ஒயர்களைச் சுவரில் உயர்த்தி அடித்தேன். பழைய துண்டை நனைத்து, முடிச்சிட்டு, ஃபிரிட்ஜில் குளிரவைத்துக் கொடுத்தேன். வேறெதையாவது கவ்வினால் துண்டை நீட்டுவேன். அதைக் கடித்தால் தட்டிக்கொடுப்பேன். வேகவைத்த எலும்பு மட்டும் கூடாது. சிம்பாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும்.

கடிப்பது சில மாதம். காவல் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு வருடம். அந்தச் சில மாதம் பொறுக்க முடியாதவர்கள் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.